வானத்தில் வீரன், தரையில் கைதி!

திருவனந்தபுரத்தில் யாரிடமாவது போலந்து என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடையோ தலைமைச் செயலக வாசலோ, கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 1991-இல் வந்த ‘சந்தேசம்’ படம் செய்த வேலை அது. ஸ்ரீனிவாசன் எழுதி, சத்யன் அந்திக்காடு இயக்கிய படம். ஒரே வீட்டுக்குள் எதிரெதிர்க் கட்சியில் இரண்டு சகோதரர்கள். கிழக்கு ஐரோப்பாவில் இடதுசாரி ஆட்சிகள் சரிந்ததை ஒருவர் குத்திக்காட்டப் போக, தோழரான மற்றவருக்கு ரத்தம் கொதிக்கும். வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, அந்த நாட்டின் பெயரை மட்டும் எடுக்காதே என்கிற தொனியில் சீறுவார். வாதத்தில் பதில் இல்லாமல் மாட்டிக்கொள்ளும் மலையாளிக்கு இன்றைக்கும் கைகொடுப்பது அந்தக் காட்சிதான்.

படத்தில் அது வெறும் நகைச்சுவை. போலந்திலோ பல ஆண்டுகள் அதுவே நடைமுறையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரத்தைக் காப்பாற்றிய தன் சொந்த விமானிகளைப் பற்றி அந்த நாட்டின் அரசாங்கமே பேச விடவில்லை. பேசாமல் விட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிறையில் தள்ளியது, சிலரைக் கொன்றும் போட்டது.

அவர்களில் ஒருவருடைய கதை இது. பெயர் ஸ்தானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி. போலந்து விமானிகளிலேயே அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியவர். நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மைசூர் மகாராஜாவின் கண்டபேருண்டப் பறவையைச் சின்னமாகத் தாங்கிய விமானங்கள் 1944-இல் இவருடைய தலைமையில்தான் பறந்தன. சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய ஸ்குவாட்ரன் என்ற விமான அணிகளிலும் போலந்துப் பையன்கள் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்பட்டதில்லை.

முதல் நாள்

ஸ்கால்ஸ்கி பிறந்தது 1915 நவம்பர் 27-இல், இன்றைய உக்ரைனில் ஒடெசாவுக்கு வடக்கே உள்ள கோடிமா என்ற ஊரில். அப்போது அது ஜார் மன்னரின் ரஷ்யா. புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தபோது குடும்பம் இடம் பெயர்ந்து, புதிதாகப் பிறந்திருந்த போலந்துக்குள் வந்து சேர்ந்தது. பையனுக்கு விமானப் பித்து. டெம்ப்ளின் நகரில் இருந்த விமானப் படை அதிகாரிகள் பள்ளியில் இடம் கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. அதில் சேர்ந்து 1938-இல் தேறி வெளியே வந்தார். டோருன் நகரத்தில் இருந்த 142-ஆவது ஸ்குவாட்ரனில் வேலை.

அவருக்குக் கொடுக்கப்பட்ட விமானம் பி-11. திறந்த காக்பிட், மடங்காத சக்கரம், முழு வேகத்தில் விரட்டினாலும் மணிக்கு 390 கிலோமீட்டர்தான். எதிரில் வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சாதாரணமாக 550-ஐத் தாண்டும். பல பி-11 விமானங்களில் இருந்தவை இரண்டே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். எதிரி ஓடினால் துரத்த முடியாது, எதிரி துரத்தினால் ஓட முடியாது. ஆக, கிட்டே நெருங்கிச் சுடு, வளைந்து தப்பு என்பதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ஏழ்மைதான் போலந்து விமானிகளின் பிற்காலப் பெருமைக்கே அடிப்படை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாளே ஜெர்மானியர் போலந்து விமானப் படையைத் தரையிலேயே பொசுக்கிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது உண்மையில்லை. சண்டை அணிகள் போருக்குச் சற்று முன்பே பெரிய தளங்களை விட்டு, வயல்வெளிகளில் ஒதுக்கப்பட்ட ரகசிய இறங்குதளங்களுக்குப் போய்விட்டன. தளங்களில் எரிந்தவை பெரும்பாலும் பயிற்சி விமானங்களும் பழுதான விமானங்களும்.

1939 செப்டம்பர் 1. காலையில் ஒரு ஜெர்மன் வேவு விமானம், ஹென்ஷல் 126, போலந்துக்காரர்களின் கண்ணில் பட்டது. சுடப்பட்டு வயலில் இறங்கியது. ஸ்கால்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? தன் விமானத்தையும் அதே வயலில் அதன் அருகே இறக்கினார். இறங்கிப் போய், அடிபட்டுக் கிடந்த ஜெர்மானியர்களின் காயத்துக்குக் கட்டுப் போட்டார். போர் தொடங்கிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. 23 வயது. மேலே எதிரி விமானங்கள் திரிந்துகொண்டிருக்கும்போது வயலில் நிறுத்திய விமானம் கொழுத்த இலக்கு என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. போரின் முதல் நாளில் மட்டும் சாத்தியப்படுகிற காரியம் இது.

அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே ஸ்கால்ஸ்கி ஏஸ் ஆகிவிட்டார். ஐந்து விமானங்களை வீழ்த்தினால் விமானப் படை வட்டாரத்தில் கொடுக்கிற பட்டம் அது. நேச நாடுகளின் தரப்பில் இந்தப் போரின் முதல் ஏஸ் அவர்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் தனி ஆள் வெற்றி நாட்டைக் காப்பாற்றுமா? செப்டம்பர் 17-இல் கிழக்கிலிருந்து சோவியத் படை நுழைந்தது. விமானிகளுக்கு ருமேனியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு. ருமேனியா, அங்கிருந்து கப்பல், பெய்ரூட், பிரான்ஸ், கடைசியில் 1940 ஜனவரியில் இங்கிலாந்து. கையில் பெட்டி இல்லை, மொழி தெரியாது, ஊரில் குடும்பம் என்ன ஆனது என்ற தகவல் இல்லை.

மடியில் பெட்ரோல்

ஆங்கிலேயருக்கு இவர்கள் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. மூன்றே வாரத்தில் தோற்ற நாட்டின் ஆட்கள் என்ற இளக்காரம் இருந்தது. சில நியாயமான கவலைகளும் இருந்தன. போலந்து விமானங்களில் வேகத்தைக் கூட்ட திராட்டிலைப் பின்னால் இழுப்பார்கள். பிரிட்டிஷ் விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போனால் உயிர் போகும். பி-11-இல் சக்கரம் மடங்காது என்பதால், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தில் இறங்கும்போது சக்கரத்தை இறக்க வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வரவில்லை. வயிற்றால் உரசிக்கொண்டு நின்ற விமானங்கள் பல. மீட்டர் கணக்கு அடிக்கணக்கு ஆனது, கிலோமீட்டர் மைலானது. ரேடியோவில் வரும் ஆங்கில உத்தரவைப் புரிந்துகொள்ள, காதில் ஹெட்ஃபோன் மாட்டிய விமானிகளை மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றி மைதானத்தில் அணிவகுத்து ஓட்ட வைத்தார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

ஆனால் 1940 ஆகஸ்டில், ஜெர்மன் விமானங்களோடு பிரிட்டன் வானில் நடந்துகொண்டிருந்த போரில், ஆங்கிலேயரிடம் விமானி கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. விமானம் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை. வேறு வழியின்றிப் போலந்துக்காரர்களைக் களத்தில் இறக்கினார்கள். நார்தோல்ட் தளத்தில் இருந்த 303-ஆவது ஸ்குவாட்ரன் ஆகஸ்ட் 31-இல் அதிகாரபூர்வமாகப் போருக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாளே, பயிற்சிப் பறப்பில் இருந்தபோது லூத்விக் பாஷ்கியேவிச் என்ற விமானி அணியை விட்டு விலகிப் போய் ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்திவிட்டு வந்தார். ஒழுங்கு மீறியதற்குத் திட்டு, வெற்றிக்குப் பாராட்டு, இரண்டும் கிடைத்தது. அடுத்த ஆறு வாரத்தில் 303 கணக்குச் சொன்ன எதிரி விமானங்கள் 126. அன்றைய பரபரப்பில் எல்லா அணிகளின் கணக்குமே கொஞ்சம் உப்பியதுதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் முன்வரிசையில்தான் நிற்கிறது. பிரிட்டன் வான்போரில் பறந்த ஏறக்குறைய 2,900 பேரில் போலந்துக்காரர்கள் 145 பேர்.

எப்படி முடிந்தது? நாட்டை இழந்த ஆத்திரம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆத்திரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆத்திரம் மட்டும் குறி பார்க்க உதவாது. இதற்குத் தொழில் காரணம் ஒன்று உண்டு. ஹரிக்கேனின் எட்டுத் துப்பாக்கிகளும் சேர்ந்து சுட்டால் குண்டு மொத்தமும் சுமார் 15 வினாடியில் தீர்ந்துவிடும். பிரிட்டிஷ் பயிற்சியில் தொலைவிலிருந்தே சுடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பி-11-இல் பழகியவர்களுக்கோ இரண்டு துப்பாக்கியை வைத்துக்கொண்டு எதிரியின் முதுகில் ஏறாத குறையாக நெருங்கித்தான் பழக்கம். அதே ஆட்களிடம் எட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தால்? நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் போய் அழுத்தினார்கள். இன்னொன்று, நெருக்கமாக அணிவகுத்துப் பக்கத்து விமானத்தையே பார்த்துக்கொண்டு பறக்கும் ஆங்கிலேயரின் பழக்கத்தை இவர்கள் ஏற்கவில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். விமானிகள் கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்து ஸ்டைல் என்று நினைத்திருப்போம். ஓயாமல் திருப்புகிற கழுத்தைச் சட்டைக் காலர் அறுத்துவிடாமல் இருக்கத்தான் அது.

ஸ்கால்ஸ்கி 303-இல் இல்லை. பிரிட்டிஷ் அணியான 501-இல், கிரேவ்ஸெண்ட் தளத்தில் இருந்தார். ஒரு வாரத்துக்குள் வரிசையாக வெற்றி. செப்டம்பர் 5-இல் அவர் முறை வந்தது. ஹரிக்கேனில் விமானிக்கு நேர் முன்னாலேயே ஒரு பெட்ரோல் தொட்டி. மடியில் மண்ணெண்ணெய் டின்னை வைத்துக்கொண்டு அடுப்பு எதிரில் உட்கார்வது மாதிரிதான். குண்டு பட்டால் தீ முதலில் வருவது முகத்துக்கும் கைக்கும். தீக்காயத்தோடு பாராசூட்டில் குதித்த ஸ்கால்ஸ்கி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்து மறுபடியும் ஹரிக்கேனில் ஏறினார்.

இந்த விமானிகளின் அன்றாடம் சினிமாவில் வருவதுபோல ஓயாத சண்டை கிடையாது. பெரும்பகுதி காத்திருப்பு. ஓடுபாதை ஓரத்தில் நாற்காலி போட்டு, காலணி கழற்றாமல், தூங்கியும் தூங்காமலும் கிடப்பார்கள். டெலிபோன் மணி அடித்தால் எல்லோருக்கும் வயிறு கலங்கும். அது டீ வருகிறது என்று சொல்கிற போனாகவும் இருக்கலாம், ஓடு என்கிற உத்தரவாகவும் இருக்கலாம். ஓடு என்றால் சில நிமிடத்துக்குள் வானத்தில் இருக்க வேண்டும். சண்டை நடப்பது ஐந்து, பத்து நிமிடம். திரும்பி வந்தால் காலியாக இருக்கும் நாற்காலிகளை யாரும் எண்ண மாட்டார்கள்.

சென்னை கொடுத்த பணம்

இந்தப் போருக்கும் நமக்கும் என்ன என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. 1939 செப்டம்பர் 3-இல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தபோது இந்தியர்களில் ஒருவரைக்கூடக் கலந்து பேசவில்லை. அதைக் கண்டித்துத்தான் அக்டோபர் கடைசியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி போய், கவர்னர் ஆட்சி வந்தது. போர் நிதி வசூல் நடந்தது அந்த ஆட்சியில்தான்.

வசூலுக்கு ஒரு கவர்ச்சியான வழி இருந்தது. ஒரு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் 5,000 பவுன் என்று லண்டனில் ஒரு விலை வைத்தார்கள். நிஜச் செலவு அதைவிட அதிகம். ஆனால் 5,000 பவுன் கொடுத்தால் விமானத்தின் பக்கவாட்டில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதுவார்கள். அன்றைய மாற்று விகிதம் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஆக, ஒரு விமானம் சுமார் 67,000 ரூபாய். சமஸ்தானங்களும் மாகாணங்களும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. ஒன்றிரண்டு விமானத்தோடு நிற்காமல் பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயரை ஒரு ஸ்குவாட்ரனுக்கே சூட்டினார்கள். ஹைதராபாத் நிஜாமின் பெயரில் 110, 152, 253. பரோடாவுக்கு 124. இலங்கைக்கு 102. மைசூருக்கு 129. சென்னை மாகாணத்தின் பெயரில் 79, 234, 264 என்று மூன்று. 152-ஆவது அணியின் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகை. 129-இன் சின்னத்தில் இரட்டைத் தலைக் கண்டபேருண்டம்.

பணம் எங்கிருந்து வந்தது? மகாராஜாக்களின் கஜானாவிலிருந்து என்று சமஸ்தானங்களைப் பற்றிச் சொல்லிவிடலாம். மாகாணத்தில் அப்படி ஒரு கஜானா கிடையாது. மேலே கவர்னர், கீழே கலெக்டர், அதற்கும் கீழே தாசில்தார், மணியக்காரர் என்று இறங்கும் ஒரு நிர்வாகம் நிதி கேட்டால், அது விருப்ப நன்கொடையா கட்டாய வரியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஜமீன்தார், ஆலை முதலாளி, வியாபாரி, உத்தியோகஸ்தர் என்று பட்டியல் போகும். யாருக்கு எதிராக, யாருக்காக இந்த விமானம் பறக்கிறது என்பதை முடிவு செய்யும் உரிமை மட்டும் கொடுத்தவர்களுக்கு இல்லை.

234-ஆவது ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 ஆகஸ்டில் அதில் யானுஷ் ஜுராகோவ்ஸ்கி என்ற போலந்து விமானி இருந்தார். ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 110-ஐ வைட் தீவில் வீழ்த்தினார். ஒன்பது நாள் கழித்து அவரே சுடப்பட்டுப் பாராசூட்டில் குதித்தார். போருக்குப் பிறகு கனடா போய், அந்த நாட்டின் புகழ்பெற்ற அவ்ரோ ஆரோ ஜெட் விமானத்தை 1958 மார்ச் 25-இல் முதன்முதலாகப் பறக்கவிட்டவரும் இவரே. அதே அணியில் இருந்த சிக்முண்ட் கிளைன் என்ற இன்னொரு போலந்துக்காரர் பிறகு ஹைதராபாத் பெயர் கொண்ட 152-க்கு மாறினார். அந்த நவம்பரில் பறக்கப் போனவர் திரும்பவில்லை. சென்னை, ஹைதராபாத் பெயர் பெற்ற இரண்டு அணிகளிலும் பணியாற்றி உயிர்விட்ட இந்தப் போலந்து இளைஞனைப் பற்றி சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஒரு கல்வெட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கண்டபேருண்டமும் ஸ்கால்ஸ்கியும்

1943-இல் ஸ்கால்ஸ்கி வட ஆப்பிரிக்காவுக்குப் போனார். தாமாக முன்வந்த பதினைந்து பேர் கொண்ட போலந்து அணி ஒன்று துனீசியாவில் சில வாரம் பறந்தது. அதற்கு ‘ஸ்கால்ஸ்கியின் சர்க்கஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது முடிந்த கையோடு பிரிட்டிஷ் விமானப் படையின் 601-ஆவது ஸ்குவாட்ரனுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். பிரிட்டிஷ் அணி ஒன்றுக்குப் போலந்துக்காரர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. மூன்று வருடத்துக்கு முன் சைக்கிளில் பயிற்சி கொடுத்த கூட்டத்திடம் ஆங்கிலேயர் வந்து சேர்ந்த தூரம் இது.

1944 ஏப்ரல். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில் கூல்ஹம் என்ற தற்காலிகத் தளத்தில் 133-ஆவது விங்குக்கு ஸ்கால்ஸ்கி தலைமை ஏற்றார். அதில் மூன்று ஸ்குவாட்ரன்கள். 306, 315 இரண்டும் போலந்து. மூன்றாவது 129, அதாவது மைசூர். எல்லோரிடமும் புத்தம் புதிய மஸ்டாங் விமானங்கள். மைசூர் அணியின் விமானிகள் கன்னடர்கள் இல்லை. பிரிட்டிஷ்காரர்களும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மற்ற நாட்டவர்களும்தான். பெயரும் சின்னமும் நம்முடையவை, உயிர் அவர்களுடையது. தளம் என்றால் கட்டடம் எதுவும் கிடையாது. பண்ணை நிலத்தில் இரும்பு வலை விரித்த ஓடுபாதை, தங்க டென்ட்.

அந்தத் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 315-இன் தலைவர் எவ்கேனியுஷ் ஹோர்பாச்செவ்ஸ்கி. துனீசியா சர்க்கஸிலும் ஸ்கால்ஸ்கியோடு இருந்தவர். ஜூன் 22-இல் பிரான்ஸ் மேல் பறக்கும்போது அவருடைய அணியைச் சேர்ந்த டமோவிச் என்பவரின் விமானம் சுடப்பட்டு, போர்முனை அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தது. ஆள் காயத்தோடு உள்ளே. பக்கத்தில் அமெரிக்கர்கள் ஒரு விமானதளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், வேலை முடியவில்லை. ஹோர்பாச்செவ்ஸ்கி அந்த அரைகுறைத் தளத்தில் இறங்கினார். அமெரிக்கர்களிடம் ஒரு ஜீப்பை வாங்கிக்கொண்டு போனார். சதுப்பில் இறங்கி நடந்து டமோவிச்சை இழுத்து வந்தார். மஸ்டாங்கில் ஒருவர்தான் உட்கார முடியும். பாராசூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒருவர் மடியில் ஒருவராக இரண்டு பேரும் அதே ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிக் கூல்ஹம் வந்து இறங்கினார்கள்.

இரண்டு மாதம் போகவில்லை. ஆகஸ்ட் 18-இல் ஃப்ளூ காய்ச்சலோடு பறக்கப் போன ஹோர்பாச்செவ்ஸ்கி, மூன்று ஜெர்மன் ஃபோக்கவுல்ஃப் விமானங்களை வீழ்த்திவிட்டுத் தாமும் விழுந்தார். வயது 26.

அந்தக் கோடையில் 133-ஆவது விங்குக்கு இன்னொரு வேலையும் வந்தது. ஹிட்லர் ஜூன் 13 முதல் லண்டன் மேல் வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை ஏவத் தொடங்கினார். மணிக்கு 640 கிலோமீட்டர் வேகம், மூக்கில் 850 கிலோ வெடிமருந்து. தூரத்திலிருந்து சுட்டால் படாது, கிட்டே போய்ச் சுட்டால் வெடித்து நம்மையும் இழுத்துக்கொண்டு போகும். பிரென்ஸெட் தளத்துக்கு மாறிய போலந்து அணிகளும் மைசூர் அணியும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட வி-1 குண்டுகளை லண்டன் போய்ச் சேராமல் தடுத்தன.

போர் முடிந்தபோது ஸ்கால்ஸ்கியின் கணக்கு 22 என்று பரவலாகச் சொல்கிறார்கள். போலந்து விமானப் படையின் அதிகாரபூர்வப் பட்டியல் இன்னும் கறார். பதினெட்டு முழு விமானம், அதோடு பன்னிரண்டில் பதினொரு பங்கு! ஒரு விமானத்தை இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வீழ்த்தினால் வெற்றியைப் பங்கு போட்டு எழுதுவது வழக்கம். அந்தப் பின்னங்களைக் கூட்டினால் வருகிற கணக்கு இது. எப்படிக் கூட்டினாலும் போலந்தில் அவரே முதலிடம்.

வெற்றி விழாவில் இடமில்லை

1945 பிப்ரவரியில் யால்டாவில் மூன்று வல்லரசுத் தலைவர்கள் உட்கார்ந்து போலந்தை ஸ்டாலினின் பக்கம் ஒதுக்கினார்கள். ஜூலையில் லண்டன், தன் மண்ணிலேயே அடைக்கலம் பெற்றிருந்த போலந்து அரசைக் கைவிட்டு, மாஸ்கோவின் ஆதரவு பெற்ற வார்சா அரசை அங்கீகரித்தது. 1946 ஜூன் 8-இல் லண்டனில் மாபெரும் வெற்றி அணிவகுப்பு. போலந்துத் தரைப்படை, கடற்படை எதற்கும் இடம் இல்லை. வான்போரில் பறந்த விமானிகளில் 25 பேர் மட்டும் வரலாம் என்றார்கள். மற்றவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வரமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தப் போரில் போலந்து விமானிகள் செய்த மிகக் கம்பீரமான காரியங்களில் அதுவும் ஒன்று.

இங்கிலாந்திலேயே தங்கிவிடலாம், கனடா போகலாம், அமெரிக்கா போகலாம். பலர் போனார்கள். ஸ்கால்ஸ்கிக்கு பிரிட்டிஷ் விமானப் படையிலேயே இடம் கிடைத்திருக்கும். 1947-இல் அவர் போலந்துக்குத் திரும்பினார். தேசபக்தி என்று ஒரு வார்த்தையில் அடக்கிவிட முடியாத முடிவு. அம்மா அங்கே இருந்தார். பறக்க ஒரு விமானப் படை இருந்தது. தவறு எதுவும் செய்யாதவனை என்ன செய்துவிடுவார்கள் என்ற நினைப்பும் இருந்திருக்கும்.

1948 ஜூன் 4-இல் ரகசியப் போலீஸ் கைது செய்தது. குற்றச்சாட்டு, பிரிட்டனுக்கு உளவு. லண்டனில் பறந்த எவனும் உளவாளி என்பதே அன்றைய ஸ்டாலினிய வாய்ப்பாடு. சித்திரவதை. 1950 ஏப்ரலில் மரண தண்டனை. ஜெர்மானியர் ஐந்தரை வருடம் முயன்று செய்ய முடியாததைச் செய்ய, சொந்த நாட்டின் கோர்ட்டுக்கு ஒரு தீர்ப்பு போதுமானதாக இருந்தது. அம்மா அதிபர் பியெருத்திடம் மனு கொடுத்துக் கெஞ்சியதில் தூக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. வார்சாவின் மொக்கோத்தூவ் சிறையில் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. குண்டுவீச்சு விமானி ஷ்சீபியோர் உட்பட விமானப் படை அதிகாரிகள் பலரை 1952 ஆகஸ்டில் அங்கே கொன்றார்கள். 303-இன் தலைவராக இருந்த விதோல்ட் உர்பனோவிச்சும் போர் முடிந்ததும் ஊர் திரும்பியவர்தான். திரும்பத் திரும்பக் கைது செய்யப்பட்டவர், சுதாரித்துக்கொண்டு அமெரிக்கா தப்பினார். கேரளத்தில் இன்றும் இதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும் என்பது தெரியும். வரட்டும். இடதுசாரி லட்சியத்தின் பெயரால் நடந்த அநியாயத்தை இடதுசாரிகளே முதலில் சொல்ல வேண்டும்.

ஸ்டாலின் செத்து, அடுத்து வந்த சோவியத் தலைவர் குருஷேவ் உண்மையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்ட 1956-இல் ஸ்கால்ஸ்கி விடுதலையானார். உள்ளே போகும்போது 32 வயது, வெளியே வரும்போது 40. ஒரு சண்டை விமானியின் நல்ல காலம் மொத்தமும் கம்பிக்குப் பின்னால் போயிருந்தது. விசித்திரம் பாருங்கள், அவரைத் தூக்கில் போடப் பார்த்த அதே அரசு மறுபடியும் விமானப் படையில் சேர்த்துக்கொண்டது. அவரும் சேர்ந்தார். 1957-இல் தன் 1939 அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 1988-இல் ஜெனரல் பட்டம். கடைசிக் காலம் வார்சாவில் தனிமையில் கழிந்தது. 2004 நவம்பர் 12-இல் காலமானார்.

இந்தியக் கணக்கு

போலந்தோடு இந்தியாவின் உறவு என்றால் உடனே நினைவுக்கு வருபவர் நவாநகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி. சோவியத் முகாம்களிலிருந்து தப்பி வந்த போலந்துக் குழந்தைகளுக்கு 1942-இல் ஜாம்நகர் அருகே பாலாசடியில் வீடு கொடுத்தவர். கோலாப்பூர் பக்கம் வளிவடேயில் ஆயிரக்கணக்கான போலந்து அகதிகள் போர் முடிந்த பிறகும், 1948 வரை வாழ்ந்தார்கள். வார்சாவில் அந்த மகாராஜாவின் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது. நன்றியை ஒழுங்காக நினைவில் வைத்துக்கொண்ட கதை அது.

விமானக் கதை அப்படி நினைவில் நிற்கவில்லை. இத்தனைக்கும் இது தெற்கின் கதை. 1984-இலிருந்து இந்திய விமானப் படையின் தென் மண்டலத் தலைமையகம் இருப்பது திருவனந்தபுரம் ஆக்குளத்தில். சூலூரின் தேஜஸ் சண்டை விமானங்களும் தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சேர்ந்த சுகோய்-30 அணியும் இங்கிருந்துதான் உத்தரவு வாங்குகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975 முதல் இந்தியாவின் ஜெட் விமானிகள் பலர் பயிற்சி எடுத்தது போலந்தில் தயாரான இஸ்க்ரா விமானத்தில்தான். ஹைதராபாத் பக்கம் ஹக்கீம்பேட்டையில் முதல் தவணையாக 50 வந்தன. முப்பது வருடம் உழைத்தன. ஸ்கால்ஸ்கி இறந்த அடுத்த மாதம், 2004 டிசம்பரில் இஸ்க்ராவுக்கு இந்தியா ஓய்வு கொடுத்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாட்டோடு மலபார், கடலோர ஆந்திரா, ராயலசீமா, தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. அங்கெல்லாம் 1940-களில் போர் நிதி கட்டிய குடும்பங்கள் உண்டு. உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் போர் நிதி ரசீதோ, கலெக்டர் கையெழுத்திட்ட பாராட்டுப் பத்திரமோ, நன்கொடையாளர் பட்டியல் அச்சான உள்ளூர் மலரோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒரு பிரதியாவது கொடுங்கள். 79, 234, 264 என்ற மூன்று ஸ்குவாட்ரன்களின் கதையை நம் பக்கத்திலிருந்து எழுத அந்தக் காகிதங்கள் வேண்டும்.